கல்லூரி நீச்சல் அணி: யாருக்குச் செலவு, யாருக்கு வரவு?

கேள்வி இது: "அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் விளையாட்டில் கோடி கோடியாகச் சம்பாதிப்பதாகச் சொல்கிறார்கள். அப்படியிருக்க நீச்சல், டைவிங் அணிகளை ஏன் வரிசையாக மூடுகிறார்கள்? ஓர் அணியை நடத்த உண்மையில் எவ்வளவு ஆகும்? என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள், கிளப்பில் நன்றாக நீந்துகிறாள். இதை நம்பி இறங்கலாமா?"

மகளைப் பற்றிய கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். நீச்சல் அணியால் நட்டம் என்று ஒரு பல்கலைக்கழகம் அறிவிக்கும்போது அது பொய் சொல்வதில்லை. ஆனால் அது விளையாட்டுத் துறையின் கணக்கேட்டில் விழும் நட்டம். பல்கலைக்கழகம் முழுவதற்கும் அது நட்டமா என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கை அனேகமாக யாரும் போட்டுக் காட்டுவதில்லை.

முதலில் செலவு. பிக் டென், எஸ்இசி போன்ற பெரிய கான்ஃபரன்ஸ்களில் (கல்லூரிகளின் விளையாட்டுக் கூட்டமைப்புகளில்) ஆண், பெண் இரண்டு அணிகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு இருபது முப்பது லட்சம் டாலர் ஆவது சாதாரணம். இதில் பெரிய செலவினம் உதவித்தொகை. அடுத்தது சம்பளம்: தலைமைக் கோச், அவருக்குக் கீழே சில உதவிக் கோச்சுகள், டைவிங்குக்குத் தனியாக ஒருவர். பிறகு பயணம். வெளியூர்ப் போட்டிகள் போக, கிறிஸ்துமஸ் விடுமுறையில் எங்காவது வெயில் அடிக்கும் ஊருக்குப் போய்ப் பயிற்சி செய்வது நீச்சல் அணிகளின் நெடுநாள் வழக்கம். நல்ல மாணவர்களைத் தேடிப் பிடிக்கும் செலவு தனி. போட்டிக்கு அணியும் டெக் சூட் ஒன்று ஐந்நூறு டாலரைத் தொடும்; சில போட்டிகளிலேயே அதன் இறுக்கம் போய்விடும்.

குளத்தின் செலவு அனேகமாக இந்தப் பட்டியலில் இருக்காது. தண்ணீரைச் சூடாக வைப்பது, குளோரின் அளவைக் காப்பது, உள்ளரங்கின் ஈரக்காற்றை வெளியேற்றுவது எல்லாம் சேர்ந்தால் பெரிய தொகைதான். ஆனால் பல வளாகங்களில் குளம் மாணவர் பொழுதுபோக்குத் துறையின் கையில் இருக்கும், கட்டுமானக் கடனும் மாணவர் கட்டணத்திலிருந்து அடையும். அணியை மூடினாலும் குளம் மூடாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டைவிங் பற்றி ஒரு வார்த்தை. அணியில் டைவர்கள் நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். அவர்களுக்காகத் தனி கோச், ஆழமான தனித் தொட்டி, 1 மீட்டர், 3 மீட்டர் பலகைகள், வசதி உள்ள இடத்தில் 10 மீட்டர் மேடை. தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்க்கும் கணக்காளருக்கு மயக்கமே வரும். கோச்சின் கணக்கு வேறு. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏவின் தேசியப் போட்டிக்கு ஓர் அணி 18 பேரைத்தான் கொண்டுபோகலாம். அதில் ஒரு டைவர் அரை ஆளாகத்தான் எண்ணப்படுவார். அந்த அரை ஆள் மூன்று டைவிங் போட்டிகளிலும் புள்ளி எடுக்கலாம், ஒவ்வொன்றிலும் முதலிடத்துக்கு 20 புள்ளி, நீச்சல்காரருக்குக் கிடைப்பது போலவே. பட்டத்துக்குப் போட்டியிடும் அணிகள் டைவிங்கைக் கைவிடாததற்கு இது ஒரு நல்ல காரணம்.

வரவுப் பக்கம் சீக்கிரம் முடிந்துவிடும். டிக்கெட் வருமானம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான போட்டிகளுக்கு நுழைவே இலவசம். தொலைக்காட்சிப் பணம் கிடையாது. கோடை முகாம் நடத்தலாம், உள்ளூர்க் கிளப்புகளுக்கு லேன் வாடகைக்கு விடலாம். டெக்சஸ் பல்கலைக்கழகக் குளத்தில் நடக்கும் லாங்ஹார்ன் அக்வாட்டிக்ஸ் போலப் பல்கலைக்கழகமே கிளப் நடத்தலாம். முன்னாள் மாணவர்களின் நன்கொடை வரும். என்சிஏஏவும் தன் மேல் அடுக்கான டிவிஷன் 1 கல்லூரிகளுக்குப் பங்குப் பணம் தரும்போது எத்தனை விளையாட்டுகள் நடத்துகிறார்கள், எத்தனை உதவித்தொகை கொடுக்கிறார்கள் என்று பார்த்துத்தான் ஒரு பகுதியைப் பிரிக்கிறது. அந்த வகையில் நீச்சல் அணிக்கும் கொஞ்சம் வருமானம் உண்டு. ஆனால் அந்தப் பணம் பொதுக் கணக்கில் போய் விழும், நீச்சலின் பேரில் வராது. மீதியை ஈடுகட்டுவது அமெரிக்கக் கால்பந்தும் ஆண்கள் கூடைப்பந்தும். அவை வருமானம் ஈட்டாத கல்லூரிகளில், பல்கலைக்கழகப் பொதுநிதியும் மாணவர் கட்டணமும்.

இப்போது அந்தப் பெரிய செலவினத்துக்கு வருவோம். உதவித்தொகை என்றால் என்ன? விளையாட்டுத் துறை, மாணவரின் கல்விக் கட்டணத்தைப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டுகிறது. விளையாட்டுத் துறைக்கு அது ரொக்கச் செலவு, பல்கலைக்கழகத்துக்கு வருமானம். இரண்டும் ஒரே நிறுவனத்துக்குள். வகுப்பில் ஏற்கனவே காலி இருக்கை இருந்தால், இன்னொரு மாணவி வந்து உட்காருவதால் ஆகும் உண்மையான கூடுதல் செலவு, பில்லில் போடும் தொகையில் சிறு பங்குதான். ஆனால் பில் முழுத் தொகைக்குப் போடப்படும், அதுவும் வெளிமாநில மாணவி என்றால் இன்னும் கூடுதலான வெளிமாநிலக் கட்டணத்தில்.

இதை அயோவா பல்கலைக்கழகத்தின் கதையில் பார்க்கலாம். பட்டர்ஃப்ளை நீச்சல் முறை உருவானதில் 1930-களில் அங்கு கோச்சாக இருந்த டேவிட் ஆம்ப்ரஸ்டருக்கும் அவருடைய மாணவர் ஜாக் சீக்குக்கும் பெரிய பங்குண்டு. 2010-ல் சுமார் 6.9 கோடி டாலரில் கட்டிய பொழுதுபோக்கு மையத்தில் அருமையான 50 மீட்டர் குளம் வந்தது. 2015-ல் என்சிஏஏ ஆண்கள் தேசியப் போட்டி அங்கேதான் நடந்தது. ஐந்தே ஆண்டில், 2020 ஆகஸ்டில், கோவிட்டால் பிக் டென் கால்பந்துப் பருவம் தள்ளிவைக்கப்பட்ட கையோடு, ஆண்கள் நீச்சல், பெண்கள் நீச்சல், ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், ஆண்கள் டென்னிஸ் ஆகிய நான்கையும் மூடுவதாக அறிவித்தார்கள். வருவாய் இழப்பு சுமார் 10 கோடி டாலர், பற்றாக்குறை 6 முதல் 7.5 கோடி வரை போகும் என்றார்கள். நான்கு அணிகளையும் மூடுவதால் மிஞ்சுவது? ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம்.

விகிதத்தைப் பாருங்கள். அந்த ஓட்டையை இந்தத் துணியால் அடைக்க முடியாது. சில வாரங்களிலேயே பிக் டென் மனம் மாறி அக்டோபரில் கால்பந்து ஆடியது. மூடும் முடிவு மட்டும் மாறவில்லை. 2022 தொடக்கத்தில் அதே பல்கலைக்கழகத்தின் கால்பந்துக் கோச் கர்க் ஃபெரன்ட்ஸுக்கு ஆண்டுக்கு 70 லட்சம் டாலர் என்று ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. கால்பந்துதான் பணம் கொண்டுவருகிறது, கோச்சுக்குச் சந்தை விலை கொடுக்க வேண்டும் என்று வாதிடலாம். அது வாதம்தான். ஆனால் "வேறு வழியே இல்லை" என்ற பேச்சு அதற்குப் பிறகு நிற்காது.

அயோவாவின் விளையாட்டுத் துறை தன் காலில் நிற்கும் துறை. மாணவர்களின் கட்டணத்தைப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டிவிடும். அப்படியானால் அணியை மூடியதும் விளையாட்டுத் துறைக்கு மிஞ்சும் உதவித்தொகைப் பணம், பல்கலைக்கழகத்துக்கு நின்றுபோகும் வரவு. அதோடு போகவில்லை. அன்றைய விதிப்படி ஆண்கள் நீச்சல் அணிக்கு 9.9 முழு உதவித்தொகைகள்தான் அனுமதி, பெண்களுக்கு 14. அதைக் கோச் துண்டு துண்டாகப் பிரித்து முப்பது பேருக்குக் கொடுப்பார். மீதிக் கட்டணத்தைக் குடும்பங்கள் கட்டும். ஒரு மாணவருக்கு ஆண்டுச் செலவு 45,000 டாலர் என்று எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொண்டால், முப்பது பேருக்கு 13.5 லட்சம். உதவித்தொகை சுமார் 4.5 லட்சம். பாக்கி 9 லட்சத்தைப் பெற்றோர்கள் பல்கலைக்கழகத்திடம் கட்டுகிறார்கள். நீச்சல் அணியின் வரவு செலவு அறிக்கையில் இந்த 9 லட்சம் எங்கும் இருக்காது.

எதிர்வாதமும் நியாயமானதுதான். இந்த முப்பது பேர் போனால் அந்த இடங்கள் வேறு மாணவர்களால் நிரம்பிவிடும் என்றால் பல்கலைக்கழகத்துக்கு இழப்பு இல்லை. யூசிஎல்ஏ போல இடத்துக்கு அடிதடி நடக்கும் கல்லூரியில் அது உண்மை. (யூசிஎல்ஏ தன் ஆண்கள் நீச்சல் அணியை 1994-லேயே மூடிவிட்டது.) டார்ட்மத் போன்ற பழம்பெரும் ஐவி லீக் கல்லூரியில் இன்னொரு விசித்திரம். அங்கே விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. 2020-ல் நீச்சல் உட்பட ஐந்து விளையாட்டுகளை மூடுவதாக அறிவித்தபோது பணத்தோடு இன்னொரு காரணமும் சொன்னார்கள்: விளையாட்டுக்காகச் சேர்க்கப்படும் மாணவர் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். அங்கே அரிய பொருள் டாலர் இல்லை, சேர்க்கை இடம். 2021 ஜனவரியில் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2002-லும் டார்ட்மத் நீச்சல் அணியை மூடப் பார்த்தது. அப்போது மாணவர்கள் அணியை ஈபேயில் ஏலத்துக்குப் போட்டு ஊர் சிரிக்கவைத்தார்கள். நன்கொடையாளர்கள் வந்து காப்பாற்றினார்கள்.

சின்னத் தனியார் கல்லூரிகளுக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். அவற்றில் பல இருக்கும் என்சிஏஏவின் கடைசி அடுக்கான டிவிஷன் 3-ல் விளையாட்டு உதவித்தொகைக்குத் தடை. ஒஹாயோவின் கென்யன் கல்லூரி 1980 முதல் 2010 வரை தொடர்ந்து 31 முறை ஆண்கள் நீச்சல் பட்டம் வென்றது, ஒரு டாலர் விளையாட்டு உதவித்தொகை இல்லாமல். (2011-ல் அதே மாநிலத்து டெனிசன் ஒரே ஒரு புள்ளியில் அந்தத் தொடரை முறித்தது.) கென்யன் பேர்பெற்ற கல்லூரி. பேர் தெரியாத, ஆண்டுதோறும் சேர்க்கைக்குத் திண்டாடும் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். அறிவித்த கட்டணம் 60,000 டாலர். தள்ளுபடி எல்லாம் போக மாணவரிடம் கைக்கு வருவது 28,000 என்று வைப்போம். நீச்சல் அணிக்கு நாற்பது பேர் சேர்ந்தால் 11.2 லட்சம். இரண்டு கோச், வேன், தங்கும் செலவு, குளம் எல்லாம் சேர்த்து அணிக்கு 3.5 லட்சம் ஆகட்டும். அந்த நாற்பதில் பாதிப்பேர் நீச்சல் இல்லாவிட்டாலும் வந்திருப்பார்கள் என்று தள்ளிவிட்டாலும் 5.6 லட்சம் நிற்கிறது. இவை என் எடுத்துக்காட்டு எண்கள்தான், ஆனால் அங்குள்ள நிர்வாகிகள் போடும் கணக்கின் வடிவம் இதுவே. அங்கே நீச்சல் கோச் பாதி கோச், பாதி சேர்க்கை அதிகாரி. ஆண்டுக்கு இத்தனை புதிய மாணவர்களைக் கொண்டுவர வேண்டும் என்று அவருக்கு இலக்கே வைப்பார்கள்.

ஆக, ஒரே நீச்சல் அணி ஓரிடத்தில் வெட்ட வேண்டிய செலவு, இன்னோரிடத்தில் கல்லூரியைத் தாங்கும் வருமானம். யாருடைய கணக்கேட்டில் எழுதுகிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

அயோவாவுக்குத் திரும்புவோம், கதை முடியவில்லை. பெண்கள் அணியின் மாணவிகள் டைட்டில் நைன் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார்கள். 1972-ன் அந்தச் சட்டப்படி, கல்லூரியில் பெண் மாணவர் விகிதத்துக்கு ஏற்ப விளையாட்டு வாய்ப்பும் இருக்க வேண்டும் (நிறைவேற்ற வேறு வழிகளும் உண்டு, ஆனால் அணிகளைக் குறைக்கும் கல்லூரிக்கு அவை பெரிதாக உதவா). 2020 டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2021 பிப்ரவரியில் பெண்கள் நீச்சல் நிரந்தரமாகத் திரும்ப வந்தது. சமரசத்தின் பகுதியாகப் பெண்கள் மல்யுத்தமும் சேர்ந்தது. ஆண்கள் அணி திரும்பவில்லை. ஈஸ்ட் கரோலினா பல்கலைக்கழகத்திலும் அப்படித்தான்: 2020-ல் இரண்டையும் மூடினார்கள், பெண்கள் அணி மட்டும் மீண்டது.

"டைட்டில் நைன்தான் ஆண்கள் நீச்சலைக் கொன்றது" என்று நீச்சல் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கலாம். எனக்கு இதில் உடன்பாடில்லை. நூறு பேருக்கு மேல் கொண்ட கால்பந்து அணி ஆண்களுக்கான இடங்களில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. மிச்சமுள்ள இடங்களுக்குள் நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ், டென்னிஸ் மூன்றும் அடித்துக்கொள்கின்றன. சட்டம் விகிதத்தைத்தான் கேட்கிறது. எதை வெட்டுவது என்பது கல்லூரியின் விருப்பம்.

இந்தப் பழைய கணக்கெல்லாம் 2025 ஜூனில் இன்னொரு முறை மாறியது. கல்லூரி வீரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்தார். முன்னாள் வீரர்களுக்குப் பத்தாண்டுகளில் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு. இனி கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். 2025-26-ல் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி. வழக்குக்குப் பெயர் தந்த கிராண்ட் ஹவுஸ் ஒரு நீச்சல் வீரர், அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் நீந்தியவர். அந்த அணியும் சாமானியமானதில்லை. 2008-ல் ஆண்கள் நீச்சலை மூட முடிவெடுத்து, நன்கொடையாளர்களால் தப்பி, பாப் போமன் கோச்சாக இருந்தபோது 2024-ல் முதல் தேசியப் பட்டம் வென்றது. பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்ற பிரான்சின் லியோன் மர்ஷான் அங்கே பயின்றவர்தான்.

ஹவுஸ் சமரசம் நீச்சலுக்கு என்ன செய்தது? காகிதத்தில் தாராளம். 9.9, 14 என்ற வரம்புகள் போய்விட்டன. சமரசத்துக்கு உட்பட்ட கல்லூரிகளில் ஓர் அணியில் 30 பேர் இருக்கலாம், முப்பது பேருக்கும் முழு உதவித்தொகைகூடக் கொடுக்கலாம். ஆனால் புதிதாகக் கூட்டும் உதவித்தொகையில் 25 லட்சம் டாலர் வரை அந்த உச்சவரம்புக்குள்ளேயே கழிக்கப்படும். அதாவது நீச்சலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் கால்பந்து வீரருக்குக் கொடுக்கக்கூடிய டாலர். எந்த விளையாட்டு இயக்குநர் எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்ல வேண்டியதில்லை. எஸ்இசி தன் ஆண்கள் அணிகளுக்கு 22 பேர்தான் என்று இன்னும் இறுக்கிவிட்டது. இதில் முதலில் வெளியேறியவர்கள் வாக்-ஆன்கள்: உதவித்தொகை வாங்காமல், முழுக் கட்டணமும் கட்டிக்கொண்டு அணியில் நீந்தியவர்கள். பல்கலைக்கழகத்துக்கு லாபம் தந்தவர்களை முதலில் அனுப்புகிற சிக்கனம் இது.

இழப்பீட்டுப் பணத்தின் ஒரு பகுதியை என்சிஏஏ தன் பங்கீட்டிலிருந்து பிடித்துக்கொள்வதால், கால்பந்தில் பெரிதாகச் சம்பாதிக்காத கல்லூரிகளுக்கும் அடி விழுந்தது. கலிஃபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் நீச்சல், டைவிங் இரண்டு அணிகளையும் மூடியது. இந்தச் சமரசத்தால் ஆண்டுக்குக் குறைந்தது நாலரை லட்சம் டாலர் இழப்பு என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும், 2.5 கோடி திரட்டினால் பார்க்கலாம் என்றார்கள். பிறகு 2 கோடி என்று இறக்கினார்கள். திரளவில்லை, அணி மீளவில்லை.

நாலரை லட்சத்துக்கு எதற்கு 2 கோடி என்று தோன்றும். நம் கோயில்களில் கட்டளை வைப்பது போலத்தான்: முதலைத் தொடாமல் வட்டியில் மட்டும் ஆண்டுதோறும் பூசை நடக்க வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மூலநிதியிலிருந்து ஆண்டுக்கு நான்கு, ஐந்து சதவீதம்தான் எடுப்பார்கள். 2 கோடிக்கு ஐந்து சதவீதம் 10 லட்சம். இரண்டு அணிகளைச் சுமாராக நடத்த அவ்வளவு வேண்டும். ஒரு முறை திரட்டிய நன்கொடை இரண்டு மூன்று ஆண்டு உயிர் கொடுக்கும், அவ்வளவே. கோச் பதவிக்கே மூலநிதி வைத்திருக்கும் அணிகளை வெட்டுவது கடினம், ஏனென்றால் வெட்டினாலும் அந்தப் பணத்தை நினைத்தபடி வேறு செலவுக்குத் திருப்ப முடியாது.

இனி உங்கள் மகள். நீங்கள் அமெரிக்காவில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும், நீச்சலால் படிப்புச் செலவு முழுவதும் தீர்ந்துவிடும் என்று திட்டம் போடாதீர்கள். முழு உதவித்தொகை மிகச் சிலருக்கே. வெளிநாட்டு மாணவிக்கு 30 சதவீதம் கிடைத்தால் மீதி 70 சதவீதத்தை வெளிமாநிலக் கட்டணத்தில் நீங்கள் கட்ட வேண்டும். அதைவிடப் படிப்புக்காக டிவிஷன் 3 கல்லூரி தரும் தள்ளுபடி பெரிதாக இருக்கலாம். புதிதாக வந்திருக்கும் நேரடிப் பணமும் விளம்பரப் பணமும் எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குச் சட்டச் சிக்கல் நிறைந்தவை. வழக்கறிஞரைக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

அணி நிலைக்குமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. 1994-ன் விளையாட்டுச் சமத்துவ வெளிப்படுத்தல் சட்டப்படி, ஒவ்வொரு கல்லூரியும் விளையாட்டுவாரியாக வரவு, செலவு, வீரர் எண்ணிக்கையைக் கல்வித் துறைக்கு ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். அது கல்வித் துறை இணையதளத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அதில் வரவும் செலவும் அப்படியே சமமாக இருந்தால் ஏமாறாதீர்கள், பற்றாக்குறையைப் பல்கலைக்கழகம் நிரப்பியதையும் வரவாகவே எழுதுவார்கள். செலவு எண்ணை மட்டும் சில ஆண்டுகளுக்குத் தொடர்ந்து பாருங்கள், சுருங்குகிறதா என்று தெரியும். ஆண்கள் அணி ஏற்கனவே போய்விட்ட கல்லூரியில் பெண்கள் அணிக்கு டைட்டில் நைன் ஓரளவு காவல்.

கோச்சிடம் பேசும்போது உதவித்தொகை எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல் இவற்றையும் கேளுங்கள்: அது நான்கு ஆண்டுக்கா, ஆண்டுதோறும் புதுப்பிப்பதா? அணியின் பெயரில் மூலநிதி இருக்கிறதா? குளம் யாருடைய பட்ஜெட்டில் இருக்கிறது? அணி மூடப்பட்டால் உதவித்தொகை படிப்பு முடியும்வரை தொடரும் என்று எழுதித் தருவீர்களா? கடைசிக் கேள்விக்கு வாய்மொழிப் பதிலை ஏற்காதீர்கள்.